உழைச்செல்வார்: மருந்தின் நான்காம் கூறு

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தை வகுப்பறையில் நடத்தும்போது நாம் இரண்டு செய்திகளையே அழுத்திச் சொல்கிறோம். அளவறிந்து உண்ணுதல் ஒன்று. நோயின் காரணத்தை ஆராய்ந்து மருத்துவம் செய்தல் மற்றொன்று. அதிகாரத்தின் இறுதிக் குறளுக்கு வரும்பொழுது மணியடிக்கும் நேரமாகிவிடும். பொருளை மட்டும் சொல்லிக் கடந்துவிடுவோம். முப்பது ஆண்டுகளாக நானும் அப்படித்தான் கடந்து வந்திருக்கிறேன். அந்தக் குறளே இக்கட்டுரைக்கு வித்து.

950ஆம் குறளாகிய அது மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அவை. ‘உழை’ என்பதற்குப் பக்கம் என்பது பொருள். ஆகவே உழைச்செல்வான் என்பவன் நோயாளியின் பக்கத்தே சென்று நிற்பவன். மருந்தைப் பிழையின்றி இயற்றிக் கொடுப்பவன். வடமொழி மருத்துவ நூலாகிய சரக சங்கிதையும் மருத்துவத்திற்கு இத்தகைய நான்கு கால்கள் உண்டென்றே கூறுகின்றது. அங்கும் பணிவிடை செய்வோன் ஒரு காலாக வைத்து எண்ணப்படுகின்றான். நம் முன்னோர் அவனை மருத்துவனுக்கு ஏவலாளாகக் கருதவில்லை. மருத்துவத்தில் ஒரு கூறாகவே கொண்டனர். இக்காலத் தமிழில் அக்கூறுக்குச் செவிலியர் என்று பெயர். மலேசியாவில் தாதியர் என்போம். நம் தோட்டத்து முதியோர் ‘மிஸ்ஸி’ என்பர்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. தீர்ப்பவன் ஒருநாள் ‘இனி இது தீராது, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்’ என்று கூறிவிடுகின்றான். தீர்க்கும் மருந்தும் இல்லையென்றாகிவிடுகின்றது. நான்கில் இரண்டு கூறுகள் இவ்வாறு விலகிக்கொண்டபின் நோயுற்றவனுக்கு எஞ்சுவது யாது? நான்காம் கூறு ஒன்றே எஞ்சுகின்றது. அந்த நான்காம் கூறு தனிக் கல்வியாகவும் தனித் தொழிலாகவும் வளர்ந்த வரலாறு, உலக வரலாற்றில் மிக அண்மைக் காலத்தது. அவ்வரலாற்றின் ஓர் இழை நம் பினாங்கு வழியாகவும் செல்கின்றது. அதனைத் தமிழாசிரியர்கள் அறிந்திருத்தல் நலம் என்று கருதுவதற்குக் காரணமும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

தங்க இடம் தந்தோர்

தீரா நோயினருக்கென்றே தனி இல்லம் அமைத்தோருள் முன்னோடியாகக் குறிக்கப்பெறுபவர் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ழான் கார்னியே என்னும் பெண்மணி. கணவனையும் குழந்தைகளையும் இழந்த இவர், தம்மைப் போன்ற கைம்பெண்களை ஒன்றுசேர்த்து 1842இல் இப்பணியைத் தொடங்கினார். 1879இல் அயர்லாந்தின் டப்ளின் நகரிலும், 1905இல் இலண்டனின் ஹேக்னி பகுதியிலும் கத்தோலிக்கக் கன்னியர் இத்தகைய இல்லங்களைத் திறந்தனர். அவ்வில்லங்களில் தூய படுக்கை கிடைத்தது, அன்பான சொல் கிடைத்தது, வழிபாடு நடந்தது. ஆயினும் புற்றுநோயின் கொடிய வலியை இடைவிடாது அடக்கிவைக்கும் முறை இன்னதென இன்னும் ஆராய்ந்து வகுக்கப்படவில்லை. பக்கத்தே நிற்பார் இருந்தனர். அவர் கையில் கலை இருக்கவில்லை என்று சுருங்கக் கூறலாம்.

அக்கலையை உருவாக்கியவர் சிசிலி சாண்டர்ஸ். 1918இல் பிறந்த இவர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் தாதியாகப் பயின்றார். முதுகு வலியால் அத்தொழிலை விட நேர்ந்தது. பிறகு மருத்துவமனைச் சமூகநலப் பணியாளராக அமர்ந்தார். அப்பணியில் அவர் சந்தித்தவர் டேவிட் தாஸ்மா. போலந்து நாட்டிலிருந்து அகதியாக வந்த யூதர். உற்றார் எவருமின்றிப் புற்றுநோயால் மடிந்துகொண்டிருந்தவர். இறப்போர் வலியின்றி, தனிமையின்றி இருப்பதற்கு ஓர் இல்லம் எழுப்புவது பற்றி இருவரும் பேசுவர். 1948இல் தாஸ்மா இறந்தபோது, அவ்வில்லத்தில் தாம் ஒரு சன்னலாக இருப்பதாகச் சொல்லி 500 பவுனைச் சாண்டர்ஸுக்கு விட்டுச் சென்றார்.

பின்னர்ச் சாண்டர்ஸ் இலண்டனில் புனித லூக்கா இல்லத்தில் மாலை நேரங்களில் தன்னார்வத் தாதியாகப் பணியாற்றினார். அங்கே ஒரு வழக்கம் அவர் கண்ணில் பட்டது. மற்ற மருத்துவமனைகளில் நோயாளி வலி தாங்காமல் கதறும்போதுதான் மார்ஃபின் ஊசி போடுவார்கள். அது வேலை செய்து முடிந்ததும் வலி திரும்பும். மறுபடியும் கதற வேண்டும். மறுபடியும் காத்திருக்க வேண்டும். புனித லூக்கா இல்லத்திலோ வலி திரும்புமுன்னரே, மணிக்கணக்கு வைத்து, வாய்வழியாக மருந்து கொடுத்தனர். நோயாளி கதறவில்லை, அடுத்த வேளையை எண்ணி அஞ்சவும் இல்லை. அச்சம் நீங்கியதால் வலியும் எளிதில் அடங்கியது.

இதை உலகம் நம்ப வேண்டுமானால் மருத்துவராகி ஆராய்ந்து நிறுவ வேண்டும் என்று அறுவை மருத்துவர் ஒருவர் அறிவுரை கூறினார். அதனை ஏற்று மருத்துவக் கல்வியில் நுழைந்த சாண்டர்ஸ் 1957இல், தம் முப்பத்தெட்டாம் அகவையில், மருத்துவராகத் தேறினார். 1967இல் இலண்டனின் தென்பகுதியில் புனித கிறிஸ்தோபர் ஹோஸ்பிஸ் திறக்கப்பெற்றது. இரண்டே ஆண்டில் அங்கிருந்து தாதியர் நோயாளிகளின் வீடுகளுக்கே செல்லத் தொடங்கினர். சாண்டர்ஸ் 2005இல் தாம் நிறுவிய அந்த இல்லத்திலேயே காலமானார்.

அவர் வழங்கிய கருத்துகளுள் தலையாயது ‘முழு வலி’ என்பது. உடலின் நோவு ஒரு பகுதி. மனத்தின் துயரம் ஒரு பகுதி. ‘என் பிள்ளைகளுக்கு யார் துணை? கடனை யார் அடைப்பார்?’ என்னும் குடும்பக் கவலை ஒரு பகுதி. ‘எனக்கேன் இது நேர்ந்தது?’ என்னும் உயிரின் வினா ஒரு பகுதி. இந்நான்கும் சேர்ந்ததே இறப்பவன் படும் வலி. இவற்றுள் ஒன்றை மட்டும் தணித்தால் மற்றவை அதனை மீண்டும் கிளப்பிவிடும். இக்கருத்தை முதலில் கண்டவர் தாதியாகவும் சமூகநலப் பணியாளராகவும் மருத்துவராகவும் மூன்று நிலையிலும் படுக்கை அருகே நின்றவர் என்பதை நினைவில் இருத்த வேண்டும்.

தனிக் கல்வி பெற்ற தாதி

சாண்டர்ஸின் வழியைப் பிற நாட்டாரும் பின்பற்றினர். கனடாவின் மொன்ட்ரியல் நகரத்து மருத்துவர் பால்ஃபர் மவுண்ட் 1975ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்துறைக்கு ஒரு புதுப்பெயர் சூட்டினார். இலத்தீனில் ‘பல்லியம்’ என்பது மேலே போர்த்தும் போர்வையைக் குறிக்கும். அச்சொல்லின் வழிவந்ததே ‘பேலியேட்டிவ்’ என்னும் பெயர். நாம் நோய் தணிப்புப் பராமரிப்பு என்று வழங்குகிறோம். நோயைப் பிடுங்கி எறிய இயலாதபோது, குளிரில் நடுங்குபவனைப் போர்த்துவதுபோல நோயாளியைப் போர்த்திக் காத்தல் என்பது இதன் உட்பொருள்.

இத்துறைக்கெனத் தனித் தாதியரை நியமிக்கும் வழக்கம் இங்கிலாந்தில் 1975இல் வேர்கொண்டது. டக்ளஸ் மாக்மில்லன் என்பவர் புற்றுநோயால் தம் தந்தை பட்ட பாட்டைக் கண்டு மனம் நொந்து 1911இல் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். அச்சங்கத்தின் பொருளுதவியால் 1975இல் முதல் மாக்மில்லன் தாதியர் பணியமர்ந்தனர். உலக நலவாழ்வு நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கு மூன்று படிகள் கொண்ட ஏணி முறையை வெளியிட்டது. சிறு வலிக்குப் பேரசிட்டமால் போன்றவை. அதற்கு மேற்பட்டதற்குக் கோடீன் போன்றவை. கடும் வலிக்கு மார்ஃபின். வாய்வழி கொடு, மணிப்படி கொடு, படிப்படியாகக் கொடு என்பன அதன் விதிகள்.

விதி மூன்றே சொல்தான். ஆனால் அதனை நாள்தோறும் ஒரு வீட்டில் நடத்திக் காட்டுபவர் யார்? மருத்துவர் வாரத்திற்கு ஒருமுறை, அல்லது மாதத்திற்கு ஒருமுறை காண்பவர். நடத்திக் காட்டுபவர் தாதியே. இவருடைய வேலையை நேரில் காணாதவர் ‘நாடி பார்த்து மாத்திரை கொடுத்துப் போகிறவர்’ என்று எண்ணக்கூடும். உண்மை அதுவன்று.

இவர் முதலில் கேட்கிறார். வலி எங்கே, எப்போது, எப்படிப்பட்டது, பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதிக்கொள்கிறார். நான்கு மணிக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய மார்ஃபின் நீர்மத்தை எப்படி அளப்பது என்று வீட்டாருக்குக் கற்பிக்கிறார். அம்மருந்து மலச்சிக்கலை உண்டாக்கும். ஆகவே மலமிளக்கியும் உடன் கொடுக்க வேண்டும் என்பதை மறவாமல் சொல்கிறார். முதல் சில நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், பின்னர்த் தெளியும் என்று முன்கூட்டியே அறிவித்து அச்சம் போக்குகிறார். உலர்ந்த வாயை எப்படித் துடைப்பது, படுக்கைப்புண் வாராமல் எவ்வாறு புரட்டிப் படுக்க வைப்பது, மூச்சுத் திணறும்போது முகத்திற்கு நேரே சிறு விசிறியை வைப்பது எங்ஙனம் துணைபுரியும் என்பவற்றையெல்லாம் செய்து காட்டுகிறார். விழுங்க இயலாத நிலை வந்தால் தோலின் கீழ் சிறு ஊசியைச் செருகி, மின்கலத்தால் இயங்கும் சிறு கருவி மூலம் இரவும் பகலும் மருந்து மெல்லச் செல்லுமாறு மருத்துவரின் ஆணைப்படி அமைக்கிறார். இறுதி நாள் நெருங்கும்போது மூச்சு எவ்வாறு மாறும், கைகால் எவ்வாறு குளிரும் என்று வீட்டாரைத் தனியே அழைத்துச் சொல்கிறார். இறந்த பின்னரும் ஒருமுறை அவ்வீட்டுக்கு வந்து மீந்தோரின் நலம் விசாரிக்கிறார். இத்தனையும் சேர்ந்ததே உழைச்செல்லுதல்.

அபினியின் இரு முகம்

இத்தகைய பணிக்கு நம்மிடையே தடையாக நிற்பது ஒரு சொல். ‘மார்ஃபின்’ என்றதும் நம் மக்கள் நடுங்குகிறார்கள். அந்த நடுக்கத்திற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அதனைக் கேலி செய்தல் தகாது.

கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலே அபினி. அதிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தவர் செர்ட்யூர்னர் என்னும் செருமானிய மருந்தாளர். காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம். அதே நூற்றாண்டில் வங்கத்திலிருந்தும் காசியிலிருந்தும் கப்பலேறிய அபினிப் பெட்டிகள் பினாங்கு வழியாகவும் கிழக்கே சென்றன. 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கிய சில ஆண்டுகளிலேயே அபினி விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு அரசு வருவாய் ஈட்டலாயிற்று. 1910இல் குத்தகை முறை ஒழிந்து, நீரிணைக் குடியேற்ற அரசே அபினியை விற்கத் தலைப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான் அது முற்றிலும் தடை செய்யப்பெற்றது. அக்கரையில் சீனத் தொழிலாளியை அபினி அழித்தது. இக்கரையில், புரோவின்ஸ் வெல்லெஸ்லி எனப்பட்ட நம் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் தமிழனைக் கள்ளுக்கடை அழித்தது. போதை என்பது வேறொருவர் பணப்பையை நிரப்பும் பொருட்டு நம்மை அழிக்கும் பொருள் என்பதை நம் பாட்டனார் தலைமுறை பட்டறிந்தது.

விடுதலைக்கு முன் 1952இல் அபாயகரமான போதைப்பொருள் சட்டம் பிறந்தது. 1983இல் கடத்துவோருக்குத் தூக்குத் தண்டனை கட்டாயமாயிற்று. 2023இல்தான் அக்கட்டாயம் நீக்கப்பெற்றது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் பள்ளிகள்தோறும் போதைப்பொருள் ஒழிப்புச் சுவரொட்டிப் போட்டிகளை நடத்தியவர்கள் யார்? நாமே. மண்டையோட்டைப் பெரிதாக வரைந்த மாணவனுக்கு முதற்பரிசு கொடுத்தவர்களும் நாமே. அது தவறன்று, தேவையான பணி. ஆனால் ‘அளவறிந்து, நேரமறிந்து, தகுந்தவர் கையால் கொடுக்கப்படும் இதே பொருள் கொடிய நோவைத் தணிக்கும் மருந்து’ என்னும் மறுபாதியை நாம் சொல்லவில்லை. பாதிப் பாடம் நடத்திவிட்டோம்.

நஞ்சையும் மருந்தையும் பிரிப்பது அப்பொருளின் இயல்பன்று. அதனைக் கொடுக்கும் கையின் ஒழுங்கு. அந்த ஒழுங்குக்குப் பெயர்தான் தாதியின் கல்வி.

பினாங்கிலிருந்து உகாண்டா வரை

இவ்வுண்மையை நிறுவிய ஒருவர் 1980களில் நம் பினாங்கில் வாழ்ந்தவர். ஆன் மெரிமன் என்னும் மருத்துவர். 1935இல் லிவர்ப்பூலில் அயர்லாந்துக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவப் பணி செய்யும் கன்னியர் சபையில் இருந்து நைஜீரியாவில் நெடுநாள் தொண்டாற்றியவர். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் ஆசிரியப் பணி புரிந்துவிட்டுச் சிங்கப்பூருக்குச் சென்றார். அங்கே புற்றுநோயாளிகள் வீடுகளில் வலியோடு கிடத்தலைக் கண்டார். மார்ஃபின் தூளை நீரில் கரைத்து, கெடாதிருக்க ஒரு பொருள் சேர்த்து, மலிவான விலையில் ஒரு நீர்மம் செய்யும் முறையை மருந்தாளர் துணையுடன் வகுத்தார். 1990இல் நைரோபிக்கும், 1993இல் உகாண்டாவுக்கும் அம்முறையைக் கொண்டு சென்று ஹோஸ்பிஸ் ஆப்பிரிக்கா உகாண்டாவை நிறுவினார். வலிமைக்கேற்ப நிறம் வேறுபடுத்திப் புட்டிகளில் நிரப்பப்பட்ட அந்நீர்மம் ஏழை வீடுகளுக்கும் எட்டியது.

ஆயினும் மருந்து எட்டினால் போதுமா? அதனை எழுதிக் கொடுக்க மருத்துவர் வேண்டுமே! உகாண்டாவின் சிற்றூர்களில் மருத்துவர் இலர், தாதியர் இருந்தனர். ஆகவே அந்நாட்டு அரசு 2004இல் ஒரு துணிவான விதியைச் செய்தது. நோய் தணிப்புப் பராமரிப்பில் ஒன்பது மாதச் சிறப்புக் கல்வி கற்றுத் தேறிய தாதியர் தாமே மார்ஃபின் எழுதிக் கொடுக்கலாம் என்பது அவ்விதி. உலகில் இவ்வாறு செய்த முதல் நாடு உகாண்டா. செல்வ நாடுகள் தயங்கிய இடத்தில் வறிய நாடு ஒன்று நான்காம் கூற்றின் அறிவை நம்பியது.

நம் நாட்டில் மார்ஃபின் எழுதிக் கொடுக்கும் உரிமை மருத்துவரிடமே உள்ளது. தாதியர் மருத்துவரோடு இணைந்து பணியாற்றுகின்றனர். 1991இல் கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா தோன்றியது. அடுத்த ஆண்டு, 1992இல், தேசியப் புற்றுநோய்ச் சங்கத்தின் பினாங்குக் கிளை, தாதியர் இல்லந்தேடிச் செல்லும் ஹோஸ்பிஸ் திட்டத்தைத் தொடங்கியது. அப்பணியை முன்னின்று வளர்த்தவர் மருத்துவர் தேவராஜ். மலேசிய ஹோஸ்பிஸ் மன்றத்தின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தவர். 2005இல் இத்துறை மருத்துவத்தில் தனிச் சிறப்புத் துறையாக மலேசியாவில் ஏற்கப்பெற்றது. சுகாதார அமைச்சு 2019 முதல் 2030 வரைக்குமான தேசியக் கொள்கைத் திட்டத்தையும் வெளியிட்டுள்ளது.

தாயகத்தின் நிலையையும் ஈண்டுச் சுட்ட வேண்டும். உலகின் மருந்துத் தேவைக்கென்று சட்டப்படி அபினி விளைவிக்கும் நாடு இந்தியா. ஆயினும் 1985ஆம் ஆண்டின் கடுமையான போதைப்பொருள் சட்டத்தால் சொந்த நாட்டு நோயாளிக்கு மார்ஃபின் கிட்டுவது அரிதாயிற்று. 2014இல்தான் அச்சட்டம் திருத்தப்பெற்றது. அதற்கு முன்னரே, 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் இராசகோபால், மருத்துவர் சுரேஷ்குமார் ஆகியோர் தொடங்கிய சங்கம், அக்கம்பக்கத்துத் தொண்டரையும் தாதியரையும் இணைத்துக் கேரளம் முழுதும் வீட்டுப் பராமரிப்பு பரவ வழி செய்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் நோய் தணிப்புப் பராமரிப்பு இடம்பெற்றது.

பூட்டிய அலமாரி

இவ்வளவு வரலாறும் எனக்குக் காலங்கடந்தே தெரிந்தது. என் தாயார் தோட்டத்தில் மரம் சீவி எங்களை வளர்த்தவர். 2008இல் வயிற்றுப் புற்று முற்றிய நிலையில் அவரை பாகான் டாலாமில் உள்ள என் வீட்டிற்கு அழைத்து வந்தேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த மார்ஃபின் புட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். திறவுகோலை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அம்மா மிகவும் கதறினால் மட்டும் அரை அளவு கொடுப்பேன். அவர் பழகிவிடக் கூடாது என்று எண்ணினேன். அதற்குள் உயிர் போய்விடக் கூடாது என்றும் எண்ணினேன். இரவில் அவர் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார், என்னிடம் கேட்கவில்லை.

பத்தாம் நாள் ஒரு தாதி வந்தார், நம்மினப் பெண், என் மாணவியர் வயது இருக்கும். அம்மாவோடு பேசிவிட்டு, மருந்தைக் காட்டச் சொன்னார். புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“சார், கணக்குப்படி இது இந்நேரம் முடிந்திருக்க வேண்டும். முக்கால் புட்டி இருக்கிறதே?”

நான் என் காரணங்களைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. “பாட்டி இனிப் பழகுவதற்கு என்ன சார் இருக்கிறது? வலி வந்த பிறகு கொடுத்தால் கூடுதலாக வேண்டியிருக்கும். வருமுன் கொடுத்தால் குறைவிலேயே அடங்கும். நீங்கள் பள்ளிக்கூடத்தில் அட்டவணை போடுகிறவர்தானே?” என்றார். ஒரு தாளில் மணிகளை எழுதி அலமாரியின் வெளிப்புறம் ஒட்டினார். திறவுகோலைப் பூட்டிலேயே விடச் சொன்னார். பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்துக்கு மட்டும் புட்டியை மாற்றினார்.

மூன்றாம் நாள் அம்மா எழுந்து அமர்ந்து, தலை வாரிவிடச் சொன்னார். அதன்பின் மூன்று வாரம் வாழ்ந்தார். யார் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று சொன்னார். பழைய தோட்டத்துக் கதைகளைப் பேத்திக்குச் சொன்னார். அந்தப் பத்து இரவுகளை மட்டும் நான் அவருக்குத் திருப்பித் தர இயலவில்லை. முறையாக அளந்து கொடுக்கப்படும் மார்ஃபின் மரணத்தை விரைவுபடுத்துவதில்லை என்பதைப் பின்னர்ப் படித்து அறிந்தேன். படித்தவன் என்று பெயர்பெற்ற நான் இதனை அறியாதிருந்தேன்.

வலிக்கு எத்தனை தமிழ்

தமிழாசிரியர்க்கு இதில் என்ன பணி என்று கேட்கலாம். இருக்கின்றது.

தாதியின் முதற்கருவி ஊசியன்று, கேள்வி. அக்கேள்விக்கு நோயாளி தரும் விடை ஒரு சொல். நம் மொழியில் வலியைக் குறிக்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள்: குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, உளைச்சல், முறுக்கிப் பிடித்தல், விண்விண்ணென்று தெறித்தல், சுரீரென்று இழுத்தல், மதமதப்பு. இவை ஒருபொருட் பன்மொழி அல்ல. ஒவ்வொன்றும் வேறு வலி. எரிச்சலும் சுரீரென்ற இழுப்பும் நரம்பு தாக்கப்பட்டதைக் குறிப்பாகக் காட்டும். அதற்கு மார்ஃபினோடு வேறு மருந்தும் வேண்டியிருக்கும். முறுக்கிப் பிடித்தல் குடலின் வலி; அதற்கு மருந்து வேறு. ஓரிடத்தில் நின்று இரவெல்லாம் குடைவது எலும்பைப் பற்றிய வலியாக இருக்கலாம். பாட்டி ‘குடையுது’ என்று சொன்னாளா, ‘எரியுது’ என்று சொன்னாளா என்பதைப் பொறுத்து மருந்தே மாறுகின்றது.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது என்ன? தாதி மலாய் மொழியில் ‘சாக்கிட்?’ என்று கேட்கிறார். பாட்டியும் ‘சாக்கிட்’ என்கிறாள். ஒன்பது சொல்லும் ஒரு சொல்லாய்ச் சுருங்கிவிடுகின்றது. என் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி வாரந்தோறும் ஒரு நாள் வருவதில்லை. காரணம் கேட்டேன். “மிஸ்ஸி வர்ற நாள் சார். ஆயாவுக்கு மலாய் தெரியாது. நான்தான் சொல்லணும்,” என்றாள். ஆயா என்ன சொல்வார் என்று கேட்டேன். “கடுக்குதுன்னு சொல்லும். அதுக்கு மலாயில என்னன்னு எனக்குத் தெரியாது சார்,” என்றாள். தேர்வுத் தாளில் எந்த வினாவிலும் வாராத அந்தச் சொல்லைத்தான் அக்குழந்தைக்கு நான் கற்பித்திருக்க வேண்டும். மறுநாளே வலிச்சொற்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் விளக்கத்தை மலாயில் எவ்வாறு சொல்வது என்று ஆறாம் ஆண்டு வரை நடத்தினேன். பாடத்திட்டத்தில் அது இல்லை.

மற்றொன்றும் உண்டு. நோயின் பெயரை நோயாளியிடமிருந்து மறைப்பது நம் குடும்பங்களின் வழக்கம். அன்பினால்தான் மறைக்கிறோம். ஆனால் வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்த ஒன்றை, அது யாருடைய உடலில் இருக்கிறதோ அவர் மட்டும் அறியாதவர்போல் நடிக்க நேர்கின்றது. பெரும்பாலும் அவர் அறிந்தே இருப்பார். நம் பொருட்டு நடிப்பார். நன்கு பயின்ற தாதி இப்பூட்டையும் மெல்லத் திறக்கிறார். ‘உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று தொடங்கி, நோயாளி எவ்வளவு அறிய விரும்புகிறாரோ அவ்வளவே சொல்கிறார். இந்நுட்பமான உரையாடல் தாய்மொழியில் நடந்தாலன்றிப் பயன் தாராது.

ஆகவே ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இவை. மருந்து அதிகாரத்தை நடத்தும்போது இறுதிக் குறளில் நின்று நடத்துங்கள். போதைப்பொருள் ஒழிப்புப் பாடத்தில் மறுபாதியையும் சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறையேனும் இல்லந்தேடி வரும் தாதி ஒருவரை அழைத்துப் பேசச் செய்யுங்கள். நம் மாணவியரும் மாணவரும் தாதித் தொழிலுக்குச் செல்ல விரும்பினால், ‘மருத்துவராக மாட்டாயா?’ என்று முகம் சுளிக்காதீர்கள். தமிழ் அறிந்த ஒரு தாதி, நம் முதியோரின் கடைசி மாதத்தில், ஒரு மருத்துவமனைக்கு ஒப்பானவர்.

பாகான் டாலாமில் மாலை வேளையில் படகுத்துறைப் பக்கமாக நடக்கும்போது, அன்று என் வீட்டுக்கு வந்த தாதியை இப்போதும் சில சமயம் காண்கிறேன். கையில் அதே பை. ஏதோ ஒரு வீட்டின் எண்ணைத் தேடிக்கொண்டிருப்பார். வணக்கம் சொல்வேன். “பாட்டி பேத்தி எப்படி இருக்கிறாள், சார்?” என்று கேட்பார். அம்மா கதை சொன்ன அந்தப் பேத்தி இப்போது தாதியர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள் என்று அண்மையில் அவரிடம் சொன்னேன். நின்று கேட்டார், மகிழ்ந்தார், நேரமாகிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டின் பக்கம் சென்றார்.